எரு வீசும் வண்டில்

சாணியையும் குப்பையையும் பற்றி எழுதுவதற்குக் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு என்ன உரிமை உண்டு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு நாம் கூறும் மறுமொழி இது: எருவை வயலெங்கும் அகலப் பரவி வீசும் வண்டிலை ஆக்கியவரே ஓர் ஆசிரியர்தாம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் மரியா ஸ்ரைன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த ஜோசப் ஒப்பன்கைம் என்பவர் 1899 ஆம் ஆண்டில் இதனைச் செய்து முடித்தார். அவருடைய வகுப்பில் வளர்ந்த பையன்களின் இருக்கைகள் அடிக்கடி வெறுமையாகக் கிடந்தன. காரணம் நோயன்று, சோம்பலுமன்று. தொழுவத்து எருவை வண்டிலில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோய்ப் பரவும் வேலை அவர்கள் தலையில் விழுந்திருந்தது.

எருவை இழுத்துச் சென்று கொட்டும் வண்டில்கள் அதற்கு முன்னரும் இருந்தன. ஆனால் அவை தம் அகலத்துக்குள்ளேயே எருவைக் கட்டி கட்டியாக விட்டுச் சென்றன. பின்னால் ஆள் நின்று வாரியாற் பரவ வேண்டியிருந்தது. ஒப்பன்கைம் செய்தது பெரிய மாயமன்று. வண்டிலின் பிற்பக்கத்தில் சுழலும் தண்டு ஒன்றிலே சாய்வான தகடுகளைப் பொருத்தினார். சாய்ந்த தகட்டிற் பட்ட எரு நேரே விழாமல் இருமருங்கும் சிதறி, சில்லுகளுக்கு அப்பாலும் சென்று விழுந்தது. வரவுப் பதிவேட்டிற் சிவப்பு மையாற் கோடிடுவதோடு நில்லாமல், பிள்ளை ஏன் வரவில்லை என்று தேடிப்போய் அந்தக் காரணத்தையே இல்லாமற் செய்ய முயன்ற அந்த ஆசிரியர்மேல் எமக்குத் தனியான மதிப்பு உண்டு. பாவம், அவர் நெடுநாள் வாழவில்லை. அவருடைய குடும்பத்தினரே தொழிலைத் தொடர்ந்து நடத்தினர். அவர்கள் செய்த வண்டிலுக்கு 'நியூ ஐடியா', அதாவது 'புதிய எண்ணம்', என்பது பெயர்.

இவ்வண்டிலோடு எமக்கு நேர்முகப் பழக்கம் ஏற்பட்டது 2023 ஆம் ஆண்டின் இறுதியில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில். எம் அக்காவின் குடும்பம் ரொறன்ரோவுக்குக் கிழக்குப் பக்கமாகிய ஸ்காபரோவில் நெடுங்காலமாக வாழ்கின்றது. அக்காவின் ஒரே மகன் கணினிப் படிப்புப் படித்து, கந்தோர் உத்தியோகமும் பார்த்து, பின்பு அதனை விட்டுவிட்டு, குவெல்ப் நகருக்கு வடக்கே நாற்பது ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆடு வளர்க்கப் புறப்பட்டான். ஆட்டிறைச்சிக்கு அங்குள்ள எம்மவர் மத்தியிலும் ஏனைய ஆசிய மக்கள் மத்தியிலும் நல்ல கிராக்கி உண்டு. ஆகவே இது பைத்தியக்காரத்தனமான எண்ணமன்று. ஆயினும் அத்தான் மகனோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

அத்தானின் கோபத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் அவருடைய பிள்ளைப்பருவத்தை அறிந்திருத்தல் வேண்டும். வலிகாமத்துத் தோட்டக்காரக் குடும்பம் அது. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் வேண்டிய எருவை விடியற்புறத்தில் கடகத்தில் அள்ளித் தலையிற் சுமந்து, வரம்பு வரம்பாக நடந்து, தோட்டத்திற் குவித்துவிட்டு, கிணற்றடியில் அவசரமாக முழுகிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியவர் அவர். எவ்வளவு முழுகினாலும் அந்த மணம் தலைமயிரை விட்டுப் போவதில்லை என்றும், அடுத்த வாங்கிற் பையன் மூக்கைப் பொத்துவான் என்றும் ஒரு முறை எம்மிடம் கூறியிருக்கின்றார். "நான் சுமந்த கடகத்தை என் பிள்ளை சுமக்கக் கூடாதென்றுதானே இந்தக் குளிருக்குள் வந்து கிடந்தேன், தம்பி?" என்று அவர் கேட்டபோது எம்மால் விடை கூற முடியவில்லை.

நாம் போய்ச் சேர்ந்தது ஒக்ரோபர் நடுப்பகுதி. மருமகனின் பண்ணையில் ஆட்டுக்கொட்டிலின் பின்னே, ஓராண்டுக் காலத்து எருவும் வைக்கோலும் சேர்ந்து ஆளுயரத்துக்கு மேலாகக் குவிந்திருந்தது. அக்குவியலிலிருந்து சிறிது தூரத்தில் மழைநீர் வடியும் வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. நவம்பர் முடிவதற்குள் எருவை அகற்றி நிலத்திற் பரவாவிட்டால் குத்தகையைப் புதுப்பிப்பதில்லை என்று நிலச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அவர் கூற்றில் நியாயம் உண்டு. நிலம் உறைந்த பின்பு எருவைப் பரவினால் அது மண்ணுக்குள் இறங்காது. இளவேனிலில் பனி உருகும்பொழுது எருவின் சத்தெல்லாம் நீரோடு சேர்ந்து வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் போய்விடும். பயிருக்கு உணவாக வேண்டியது ஆற்றில் பாசிக்கு உணவாகும். ஆகவே குளிருக்கு முன் காரியம் முடிந்தாக வேண்டும். கடகத்தில் அள்ளிப் பரவக்கூடிய அளவுமன்று அது.

இதற்காகவே மருமகன் ஏலமொன்றில் ஒரு பழைய எரு வீசும் வண்டிலை 1,400 டொலருக்கு வாங்கி வந்திருந்தான். புதியதாயின் அதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். ஏலத்தில் வெறும் வண்டிலை இழுத்துக் காட்டியபோது எல்லாம் அழகாகச் சுழன்றனவாம். பண்ணைக்குக் கொண்டுவந்து எருவை ஏற்றியதுந்தான் வண்டில் தன் சுயரூபத்தைக் காட்டியது.

வண்டிலின் அமைப்பைச் சிறிது விளக்காமல் மேலே செல்ல இயலாது. எம் மாணவர்கள் இதனைப் பௌதிகவியற் பாடமாகவே கொள்ளலாம். எரு வீசும் வண்டில்களில் இருவகை உண்டு. ஒன்று, உழவு இயந்திரத்தின் பின்னாலுள்ள சுழல்தண்டிலிருந்து வலுவைப் பெறுவது. மற்றது, தன் சில்லுகள் தரையில் உருளுவதிலிருந்தே வலுவைப் பெறுவது. மருமகன் வாங்கியது இரண்டாம் வகை. இயந்திரம் வருமுன் குதிரைகள் இழுத்த காலத்து வண்டில்கள் யாவும் இவ்வகையினவே. குதிரைக்குச் சுழல்தண்டு ஏது? சில்லு உருள அச்சுச் சுழலும். அச்சிலிருந்து வலு இரண்டு வழியாகப் பிரிந்து செல்லும். ஒரு சங்கிலி, பிற்பக்கத்திலுள்ள முட்கள் நிறைந்த வீசுருளைகளை வேகமாகச் சுழற்றும். இன்னொரு தள்ளுகோல், பல்வளையம் ஒன்றை ஒவ்வொரு பல்லாகத் தள்ளி, வண்டிலின் நகரும் தளத்தை மிக மெதுவாகப் பின்னோக்கி இழுக்கும். நகரும் தளம் என்பது வேறொன்றுமன்று. இருபுறமும் இரண்டு சங்கிலிகள், அவற்றுக்கிடையே ஏணிப்படிபோல மரச்சட்டங்கள். தளம் எருவைக் கொண்டுவந்து கொடுக்க, உருளை அதனைப் பிய்த்து வீசும். எத்தனை பல் தள்ளவேண்டும் என்பதைக் கைப்பிடியால் மாற்றினால் ஏக்கருக்கு விழும் எருவின் அளவு மாறும்.

சில்லு முன்னோக்கி உருளும்பொழுது மாத்திரம் அச்சைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். பின்னோக்கிப் போகும்போது விட்டுவிட வேண்டும். எங்கள் சைக்கிளின் 'பிறீவீல்' செய்யும் வேலையேதான். அதற்காக இரு சில்லுகளின் குடங்களுக்குள்ளும் வில்லால் அழுத்தப்பட்ட சிறு இரும்பு நாக்குகள் இருக்கின்றன. வண்டில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடிய தூரம் ஓடும். அப்பொழுது அதுவே அச்சைச் சுழற்றும், உட்பக்கத்துச் சில்லின் நாக்கு 'டிக் டிக்' என்று வழுக்கிக் கொண்டிருக்கும்.

முதல் நாள், பாதிச் சுமையோடு வயலில் இறங்கியதும் வீசுருளை இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மருமகன் இறங்கி வந்து, "மாமா, இழுபடுது, ஆனால் பின்னாலே ஒன்றும் அசையேல்லை," என்றான். அவன் உடனே சங்கிலியைக் கழற்ற ஆயத்தமானான். நாம் தடுத்தோம். வலு புறப்படும் இடத்திலிருந்து, அது நின்றுபோகும் இடம் வரை, ஒழுங்காகப் பின்தொடர்ந்து போக வேண்டும் என்பது மின்சுற்றுக்கும் நீர்க்குழாய்க்கும் இவ்வண்டிலுக்கும் பொதுவான விதி. இரண்டு சில்லுகளிலும் சுண்ணக்கட்டியால் ஒவ்வொரு கோடு போட்டோம். மருமகன் மெதுவாக இழுக்க, நாம் எட்டி நின்று பார்த்தோம். இடச்சில்லு உருண்டது. வலச்சில்லோ உருளாமல் ஈரப் புல்லின்மேல் சறுக்கிக்கொண்டே போனது.

சறுக்கிய சில்லிலேதான் குற்றம் என்று எவரும் நினைப்பார். ஆனால் சறுக்கிய சில்லு வேலை செய்ய முயன்ற சில்லு. இலகுவாக உருண்டதே வேலை செய்யாத சில்லு. இடப்பக்கத்தை ஜக்கினால் உயர்த்தி, மறு சில்லுக்கு முன்னும் பின்னும் கல் அடைகொடுத்து, கையாற் சுழற்றிப் பார்த்தோம். முன்னோக்கிச் சுழற்றினால் அச்சு கூடவே வர வேண்டும். வரவில்லை. பின்னோக்கிச் சுழற்றினால் 'டிக் டிக்' ஒலி கேட்க வேண்டும். அதுவும் இல்லை. குடத்தைத் திறந்தபோது உள்ளே பழைய கிறீஸ் காய்ந்து கருங்கல்லாகி, நாக்குகள் அதற்குள் புதையுண்டு கிடந்தன. வில் ஒன்று முறிந்திருந்தது. ஆகவே முழுச் சுமையையும் வலச்சில்லு ஒன்றே தாங்க நேர்ந்து, அது தாங்கமாட்டாமற் சறுக்கியிருக்கிறது. டீசலில் ஊறவைத்துக் கழுவி, நாக்குகளின் மழுங்கிய விளிம்பை அரத்தினால் நேராக்கி, புது வில் போட்டோம்.

அயற்பண்ணை முதியவர் ஒருவர் வேலியோரம் நின்று இதனையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதை அண்டிய வயது. இடக்கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றுவிட்டன. அவர் வந்து ரயரைக் காட்டி, "இது மறுபக்கமாக அல்லவா பூட்டியிருக்கிறது?" என்றார். உழவு இயந்திரத்தின் பின்சில்லு தரையைத் தள்ளுவது. எரு வண்டிலின் சில்லோ தரையாற் தள்ளப்படுவது. ஆகவே ரயரின் சாய்ந்த பற்கள் இரண்டிலும் எதிர்எதிர்த் திசை நோக்க வேண்டுமாம். முன்பு வைத்திருந்தவர் உழவு இயந்திரத்தைப் பார்த்து அதுபோலவே பூட்டிவிட்டார். ரயரைக் கழற்ற வேண்டியதில்லை. இடச்சில்லை வலப்பக்கமும் வலச்சில்லை இடப்பக்கமும் மாற்றிப் பூட்டினாற் போதும், பற்கள் தாமே திசை மாறிவிடும். இத்துணை எளிய வித்தையை எத்தனை பாடநூல் படித்தாலும் நாம் அறிந்திருக்கமாட்டோம்.

அம்முதியவர் தம் விரல்களின் கதையையும் சொன்னார். அது சுழல்தண்டு வகை வண்டிலில் நேர்ந்தது. அத்தண்டு நிமிடத்துக்கு 540 தரம் சுழல்வது. அதாவது ஒரு வினாடிக்கு ஒன்பது தரம். சட்டைக் கையின் நூலொன்று சிக்கினால், "ஐயோ" என்று வாய் திறப்பதற்குள் ஒன்பது சுற்றுச் சுற்றிவிடும். இயந்திரத்தை நிறுத்தி, திறப்பைச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டு, அதன் பின்புதான் கிட்டப் போக வேண்டும் என்று அவர் மருமகனிடம் மூன்று தரம் சொன்னார். எமது வகையில் உழவு இயந்திரம் நின்றால் வண்டிலும் நிற்கும். ஆயினும் சரிவில் தானாக உருண்டால் உருளை சுழலத் தொடங்கிவிடும். ஆகவே கல் அடையாமல் கை வைப்பதில்லை என்று விதி செய்துகொண்டோம்.

இரண்டாம் தரம் வயலுக்குப் போனோம். சில்லுகள் இரண்டும் உருண்டன. வீசுருளையும் சுழன்றது. ஆனால் இப்போது 'கடக்... கடக்' என்று கேட்போர் பல்லைக் கூசவைக்கும் ஓசை ஒன்று கிளம்பியது. சங்கிலி பற்சில்லின்மேல் ஏறித் துள்ளுகிறது. இங்கே எம் தொழிற்கருவி ஒன்று உதவிற்று. எம் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் ஓர் அடி நீள அடிமட்டத்தைத்தான் சொல்கின்றோம். அச்சங்கிலியில் ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு முக்கால் அங்குலம். ஆகவே பதினாறு இணைப்புகள் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். நூற்றுக்கு மூன்று வீதம் நீண்டுவிட்டால், அதாவது பன்னிரண்டேகால் அங்குலத்தைத் தாண்டி இன்னும் அரைக்கால் அங்குலம் போய்விட்டால், சங்கிலியின் ஆயுள் முடிந்தது என்பது கணக்கு. எமது சங்கிலி பன்னிரண்டு அங்குலமும் மேலே ஐந்து அரைக்கால் அங்குலமும் காட்டியது.

சங்கிலி நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, இரும்பு உண்மையில் இழுபட்டா நீள்கிறது? இல்லை. ஒவ்வொரு இணைப்பிலும் ஊசியும் அதனைச் சூழ்ந்த குழலும் தேய்ந்து தேய்ந்து இடைவெளி உண்டாகிறது. பதினாறு இணைப்பில் ஐந்து அரைக்கால் அங்குலம் என்றால் ஓர் இணைப்புக்கு ஒரு மில்லிமீற்றர் தேய்வு. மில்லிமீற்றர் என்பது எமக்கு ஒன்றுமில்லை. பற்சில்லின் பல்லுக்கோ அது பெருங்காரியம். பல்லும் சங்கிலிக்கு ஏற்பத் தேய்ந்து பூனை நகம்போல வளைந்துவிடுகிறது. அந்நிலையிற் புதுச் சங்கிலியை மாத்திரம் வாங்கிப் போட்டால் பழைய பல் அதனையும் விரைவில் தின்றுவிடும். பற்சில்லைக் கழற்றி மறுபுறமாகத் திருப்பிப் பூட்டினால் பல்லின் தேயாத முகம் வேலைக்கு வரும். இதனை மருமகனே கண்டுபிடித்தான். புதுச் சங்கிலி வாங்கினோம்; பற்சில்லைத் திருப்பினோம்.

சங்கிலியைப் பற்றிய கதையொன்றை இவ்விடத்திற் சொல்லாமல் விட மனமில்லை. பழைய பண்ணைக் கருவிகளில், ஒவ்வொரு இணைப்பையும் கையாலேயே கழற்றிப் பூட்டக்கூடிய கொக்கிச் சங்கிலி ஒன்று இருக்கும். ஐயோவா மாநிலத்தில் கமக் கருவி விற்ற வில்லியம் டேனா யூவாட் என்பவர் 1874 ஆம் ஆண்டில் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். வயலின் நடுவே சங்கிலி அறுந்தால் கமக்காரன் கொல்லன் பட்டறையைத் தேடி ஓடாமல், ஓர் இணைப்பை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொளுவிக்கொண்டு வேலையைத் தொடரவேண்டும் என்பதே அவர் நோக்கம். விற்ற பொருள் பழுதானால் விற்றவன் கவலைப்பட்ட காலமும் ஒன்று இருந்திருக்கிறது!

மூன்றாம் தரம் போனபோது நவம்பர் பிறந்து, கடிகாரத்தையும் ஒரு மணி பின்னுக்கு மாற்றிவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்கே இருண்டது. சில்லு உருண்டது; உருளை சத்தமின்றிச் சுழன்றது; உருளைக்குக் கிட்ட இருந்த எரு அழகாகச் சிதறி விழுந்தது. அவ்வளவுதான். மிகுதி எரு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நகரும் தளம் நகரவில்லை.

தோல்வியின் விலை என்னவென்றால், ஒவ்வொரு முறையும் ஏற்றிய எருவைக் கையால் அள்ளி இறக்க வேண்டும். சுமையோடு கீழே படுத்துத் தளத்தின் சங்கிலியைச் சோதிக்க முடியாது. இரவோடு இரவாக விட்டுவிடவும் முடியாது; உறைபனியில் ஈர எரு தளத்தோடு ஒட்டிக் கல்லாகிவிடும், காலையில் இழுத்தால் சட்டங்கள் முறியும். ஆகவே கொட்டில் விளக்கின் வெளிச்சத்தில் நாமும் மருமகனும் வாரியால் அள்ளிக்கொண்டிருந்தோம். மருமகன் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரத்துக்குப் பின், "மாமா, இந்த மாசம் முடிய நான் திரும்ப வேலை தேடுறதுதான் நல்லது போல," என்றான். எமக்கும் தேற்றும் சொல் எதுவும் வாயில் வரவில்லை.

அக்காவை ஏற்றிக்கொண்டு அத்தானின் கார் வந்து நின்றது அப்பொழுதுதான். அக்கா சோறு கொண்டு வந்திருந்தார். அத்தான் வழக்கம்போலக் காரைவிட்டு இறங்கமாட்டார் என்றே நினைத்தோம். அவர் கண்ணாடிக்கூடாக நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு இறங்கி வந்தார். மகனிடம் எதுவும் கூறவில்லை. எம் கையிலிருந்த வாரியை வாங்கி எருவை அள்ளத் தொடங்கினார். அறுபத்தைந்து வயதுக்காரர் அள்ளிய வேகத்தை நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். கடகத்துக்கு அள்ளிப் பழகிய கை அல்லவா? ஒவ்வொரு வீச்சும் ஒரே அளவு.

வண்டில் வெறுமையானதும் அவர் அதனைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து தளத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அவர் ஸ்காபரோவில் பாண் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் இயந்திரம் திருத்தும் பகுதியில் வேலை பார்த்தவர் என்பதை இவ்விடத்திற் சொல்ல வேண்டும். "பாண் போற தட்டுச் சங்கிலியும் இதுவும் ஒன்றுதான்," என்று முணுமுணுத்தார். பின்பு, நிலத்தைப் பார்த்தபடியே, "சுண்ணக்கட்டி இருக்கோ?" என்று கேட்டார். மருமகன் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தான்.

தளத்தை இழுக்கும் தண்டின் நுனியிலிருந்து பல்வளையத்தின் குடம் வரை ஒரே கோடாக அத்தான் கீறினார். தளத்தின் சட்டமொன்றுக்குக் கீழே மரக்கட்டை ஒன்றைச் செருகிச் சுமை ஏற்றியது போலத் தடுத்தார். தள்ளுகோலைக் கையால் அசைக்கச் சொன்னார். பல்வளையம் ஒவ்வொரு பல்லாக முன்னேறியது. தண்டு அசையவில்லை. ஒரே கோடாக இருந்த சுண்ணக்கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது.

தண்டையும் பல்வளையத்தையும் ஒன்றாகப் பிணைப்பது அவற்றுக்கிடையேயுள்ள சிறிய இரும்பு ஆப்பு. பல்வளையத்தைக் கழற்றிப் பார்த்தோம். ஆப்பு இருக்க வேண்டிய குழியில் வெட்டிய ஆணித்துண்டு ஒன்று நசுங்கிக் கிடந்தது! ஏலத்திற்குக் கொண்டுவந்தவரோ அவருக்கு முன்பிருந்தவரோ செய்த வேலை. நசுங்கிய ஆணியின் உராய்வு வெறுந் தளத்தை இழுக்கப் போதுமாயிருந்தது. அதனாலேதான் ஏலக்களரியில் எல்லாம் அழகாகச் சுழன்றன. சுமை ஏறியதும் தண்டுக்கும் வளையத்துக்கும் தொடர்பு அற்றுப்போனது. பழைய கருவி வாங்குவோர் வெறும் வண்டிலின் ஓட்டத்தைக் கண்டு மயங்கக்கூடாது. சுண்ணக்கட்டியும் மரக்கட்டையும் கொண்டுபோய் இச்சோதனையை ஏலக்களரியிலேயே செய்துவிடலாம்.

மறுநாள் அத்தான் தாமே கடைக்குப் போய் ஆப்பிரும்பு வாங்கிவந்தார். மருமகன் கடினமான உருக்குத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, "இதைப் போட்டால் ஒருநாளும் உடையாதே, அப்பா," என்றான். பல மாதங்களுக்குப் பின் அவன் தகப்பனோடு பேசிய முதல் வார்த்தை அது. அத்தான் தலையை அசைத்தார். ஆப்பு தண்டைவிட மெதுவான இரும்பாக இருக்க வேண்டும்; எங்கோ கல்லொன்று சிக்கினால் இரண்டு டொலர் ஆப்பு முறிய வேண்டுமேயன்றி இருநூறு டொலர்த் தண்டு முறியக்கூடாது என்று விளக்கினார். சுழல்தண்டு வகை வண்டில்களில் முறிவதற்கென்றே மரையாணி ஒன்று வைக்கப்பட்டிருப்பதும் இதன் பொருட்டே. அடிக்கடி முறிகிறதே என்று அதற்குப் பதிலாக வலிய ஆணியைப் பூட்டுவோர் வேறிடத்திற் பெருஞ்சேதத்தைத் தேடிக்கொள்கிறார்கள்.

தளத்தின் இருபுறச் சங்கிலிகளும் சமமாக இல்லை என்பதையும் அத்தானே கண்டார். இடப்பக்கம் நீண்டு, சட்டங்கள் கோணலாக நின்றன. அப்படியே ஓடவிட்டால் ஒரு பக்கம் பல்லிலிருந்து ஏறி முழுத் தளமும் இறுகிவிடும். இடப்பக்கத்தில் மாத்திரம் ஓர் இணைப்பை எடுப்பதா என்று மருமகன் கேட்டான். சங்கிலி தேய்ந்த அளவு ஓர் இணைப்பின் நீளத்துக்குக் குறைவாதலால் அது மறுபுறம் கோணலாகிவிடும் என்று சொல்லி, இறுக்கும் திருகாணிகளை ஒவ்வொரு சுற்றாகத் திருப்பி, இருபுறமும் அளந்து அளந்து சமப்படுத்தினார். எம் அடிமட்டம் அன்று முழுவதும் அவர் கையிலேயே இருந்தது.

அதன் பின் ஒன்பது நாட்களில் முப்பத்தொரு தரம் எரு ஏற்றி நாற்பது ஏக்கரில் ஏறத்தாழப் பதினைந்து ஏக்கருக்குப் பரவினோம். எருவை ஏற்றும்போது முன்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், உருளையை எருவால் மூடக்கூடாது, வண்டில் புறப்பட்டு உருளை வேகம் பிடித்த பின்பே தளத்தை ஓட விட வேண்டும் என்பவற்றை அயற்பண்ணை முதியவர் கற்பித்தார். எரு வீசும் காட்சி அழகானது என்று சொன்னால் நகைப்பீர்கள். ஆயினும் குளிர்காலை வெய்யிலில், ஆவி பறக்க, கரிய எரு விசிறிபோல விரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு அத்தான் வேலியடியில் அசையாமல் நின்றார். எருவின் மணம் எங்கும் நிறைந்திருந்தது. "மூக்கைப் பொத்தேல்லையோ?" என்று அக்கா கேட்டார். அத்தான் சிரித்ததை நாம் கண்டோம்.

2021 ஆம் ஆண்டில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடையை நீக்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்தில் மாட்டெரு தேடி ஊர் ஊராகத் திரிந்த தோட்டக்காரரை நாம் அறிவோம். எருவின் அருமையை அப்போது எல்லாரும் பேசினோம். அதனை அள்ளி, சுமந்து, பரவும் உழைப்பைப் பற்றிப் பேசியவர் சிலரே. ஒரு தொன் மாட்டெருவில் பயிருக்கு வேண்டிய நைதரசன் ஏறத்தாழ 5 கிலோதான். மிகுதியெல்லாம் பெரும்பாலும் நீரும் நாரும். 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. எருவால் மண்ணுக்கு வரும் வேறு நன்மைகள் பல. ஆயினும் நான்கைந்து தொன் எருவைச் சுமக்கும் முதுகுக்கு இந்த வேறுபாடு நன்கு தெரியும்.

நாம் விமானம் ஏறுவதற்கு முந்திய சனிக்கிழமை வண்டிலைக் கழுவி, தளம் உலர்ந்ததும் சங்கிலிகளுக்கு எண்ணெய் பூசி, சில்லுகளின் கீழே பலகை வைத்து, கொட்டிலுக்குள் விட்டோம். சொந்தக்காரர் வந்து வாய்க்கால் ஓரத்தைப் பார்த்துவிட்டு இன்னும் மூன்று ஆண்டுக்குக் குத்தகை எழுதிக் கொடுத்தார்.

2024 ஆம் ஆண்டு சித்திரையில் மருமகன் ஒரு படம் அனுப்பினான். தளத்தின் வெடித்த சட்டங்கள் நான்கை நீக்கிவிட்டு அத்தான் புது ஓக் மரச்சட்டம் போட்டிருக்கிறார். பிரதான அச்சின் வலப்பக்கப் பெயாரிங் சூடாகிறதாம். அதற்கு இரண்டு கடைகளில் விலை கேட்டிருக்கிறார்களாம். எம் அடிமட்டம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.